தண்ணிமேட்டுச் சிவப்பு டின்

ரஷ்யாக்காரன் வானத்தில் ஓர் இரும்பு உருண்டையை ஏவிவிட்டான் என்ற செய்தியை எங்கள் ரப்பர் எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பி. சிரம்பான் லோபாக்கில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வருவார். கேட்டில் நிற்கும் மாத்தா அவருடைய அடையாளக் கார்டைப் பார்த்து, சட்டைப்பையைத் தடவி, சைக்கிள் பம்பைக்கூடக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். போலீஸ்காரரை நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம். மலாயாவில் அவசரகாலம் அது. நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் முள்கம்பி. மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் காலை ஆறுக்குத்தான் திறப்பு. வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போகக் கூடாது, காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமாம். அம்மா மாதிரி ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு போத்தல் தேத்தண்ணியோடு போய், வெட்டி முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவார்கள்.

அந்த ஞாயிறு மாமா வாயைக் குவித்துக்கொண்டு பீப் பீப் என்று கத்திக் காட்டினார். உருண்டை அப்படித்தான் கத்துகிறதாம், ரேடியோவில் கேட்டாராம். ஆள் யாரும் அதற்குள் இல்லை, தானாகவே உலகத்தைச் சுற்றி வருகிறது என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அப்பா மட்டும் மசியவில்லை.

"அது போயி என்னாத்தக் கண்டுச்சு? கோழிக்குஞ்சு கூடத்தான் கத்துது. ஒரு மனுசன் போனா பாத்துட்டு வந்து பத்து சேதி சொல்லுவான் மாப்ள."

"போனவன் திரும்பி வந்தாத்தானே சொல்ல?" என்றாள் அம்மா, குழம்பை ஊற்றிக்கொண்டே.

மாமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரும்புக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, அது ஒன்றுதான் அதில் விசேஷம் என்று சொல்லிச் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. வானத்து விஷயத்துக்கு எதற்கு இவர்கள் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. மூளையை விட வாய் நீளம்.

அப்பாவின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அவர் எஸ்டேட்டின் தண்ணி இஞ்சின்காரர். இஞ்சின் கொட்டகை வேலிக்குள்ளே, ஆற்றங்கரையில். இஞ்சின் ஆற்றுத் தண்ணீரை இழுத்து மேட்டில் இருக்கும் தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து குழாய் வழியாக லயத்துக்கு இறங்கும். தொட்டி சிமெண்டில் கட்டி மேலே தகரம் போட்டது. அந்த இடத்துக்கே தண்ணிமேடு என்று பெயர். அது வேலிக்கு வெளியே, காட்டை ஒட்டினாற்போல் இருந்தது. தினமும் காலையில் அப்பா தனியாக மேலே ஏறிப் போய், தொட்டியில் மூங்கிலை விட்டு எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் இஞ்சினை முடுக்குவார். வரும்போது சும்மா வர மாட்டார். இன்றைக்கு உடும்பைப் பார்த்தேன், நேற்று இல்லாத ஒரு பாதை இருக்கிறது, எந்தக் குருவியோ மூன்று முட்டை விட்டிருக்கிறது என்று ஏதாவது ஒரு சேதி வரும். அதோடு என் கையில் நாலைந்து சிவப்பு விதைகளைப் போடுவார். தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆனைக்குண்டுமணி மரம் நின்றது. அதன் விதைகள் பளபளவென்று மின்னும். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்களிடம் அதுதான் பெரிய சொத்து. நான் ஒரு கண்ணாடிப் போத்தலை நிரப்பிக்கொண்டிருந்தேன். நிரம்ப மூன்று விரல்கடை பாக்கி.

பக்கத்து எஸ்டேட்டில் இதே வேலை பார்த்தவர் ஒரு நாள் காலையில் குழாயைப் பார்க்கப் போனார். மூன்றாம் நாள் அவரை லோரியில் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்தார்கள். யார் சுட்டது, எதற்குச் சுட்டது என்று எங்கள் லயத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், அதுவும் காதோடு காதாக. அன்றிலிருந்து அப்பா மேட்டுக்குப் போகிற நேரத்தில் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு அவள் ஏதோ சொன்னாள்.

அடுத்த ஞாயிறு மாமா வரும்போது சைக்கிளில் கம்பியும், கப்பியும், அடைத்து ஈயம் பற்ற வைத்த ஒரு மண்ணெண்ணெய் டின்னும் இருந்தன. எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி, வெள்ளைக்கார துரையிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். மாமாவும் அப்பாவும் இரண்டு மாத்தாக்களும் மேலே போய் அரை நாளில் வேலையை முடித்தார்கள். தொட்டியின் தகரத்தில் ஓர் ஓட்டை போட்டு, அதற்குள் அந்த டின்னை மிதக்கவிட்டு, அதில் கட்டிய கம்பியைக் கப்பி வழியாக வெளியே கொண்டுவந்து, நுனியில் சிவப்புப் பெயிண்ட் அடித்த சின்ன டின் ஒன்றைத் தொங்கவிட்டார் மாமா. பின்னால் ஒரு வெள்ளைப் பலகை, அதில் மேலே பூஜ்யம் தொடங்கிக் கீழே பத்து வரை எண்கள். உள்ளே தண்ணீர் ஏறினால் வெளியே டின் இறங்கும். தண்ணீர் இறங்கினால் டின் ஏறும். இஞ்சின் கொட்டகையில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். யாரும் மேட்டுக்குப் போக வேண்டாம்.

"நம்ம எஸ்டேட்டு உருண்டைலா இது," என்றார் மாமா. அன்று அம்மா அவருக்கு முட்டை பொரித்து வைத்தாள்.

துரைக்கு ஏக சந்தோஷம். இனி டின் கெட்டுப் போனாலொழிய மேட்டுக்கு ஆள் போகக் கூடாது, போனாலும் மாத்தாவோடுதான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். மிச்சமான நேரத்தில் அப்பாவை ஆபீஸ் பக்கம் புல் வெட்டச் சொன்னார் கிராணி. அப்பா வெட்டினார். ஆனால் ஆள் சுண்டிப் போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் உடும்பும் இல்லை, குருவியும் இல்லை. புல்லைப் பற்றி என்ன சேதி சொல்ல முடியும்?

டின்னை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். காலையில் நான் கொட்டகைக்குப் போக வேண்டும். அவர் மேட்டுக்கு முதுகைக் காட்டி நின்று சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டே, "என்னாடி சொல்லுது ஒங்க மாமன் டின்னு?" என்பார். நான் எண்ணைச் சொல்வேன். அப்பாவுக்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்கிறார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். எனக்கு அதில் பெருமைதான்.

அடுத்த மாதம் மாமா கொண்டுவந்த செய்தி என்னை அழ வைத்தது. இந்த முறை ரஷ்யாக்காரன் உருண்டைக்குள் ஒரு நாயை வைத்து அனுப்பியிருக்கிறான். அது எப்போது திரும்பி வரும் என்று கேட்டேன். மாமா தலையைச் சொறிந்தார். வராதாம்.

"நாய்க்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா, போறியான்னு?" என்றார் அப்பா. "மனுசன்னா கேக்கலாம். போறேன்னு சொல்றவன் இருப்பான்."

"அவன் சொல்லுவான். அவன் வூட்டுல இருக்கறவள யாரு கேப்பா?"

அம்மா இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் நாய்க்காக அழுதுகொண்டிருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு வாரம் குழாய்த் தண்ணீரில் ஏதோ வாடை வந்தது. முதலில் தேத்தண்ணியில் தெரிந்தது. குழாய் துருப்பிடித்திருக்கும் என்றார்கள். இரண்டு மூன்று வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம். மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா கிராணியிடம் கேட்டார். டின் ஒழுங்காக ஏறி இறங்குகிறது, பிறகென்ன பார்க்க இருக்கிறது, துரை உத்தரவு தெரியாதா என்று கிராணி விரட்டிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

எனக்கு வாடையும் தெரியாது, வயிற்றோட்டமும் தெரியாது. என் போத்தல் மூன்று விரல்கடையிலேயே நின்றுபோயிருந்தது. பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி தன்னுடைய போத்தலை நிரப்பி மூடி போட்டுவிட்டாள். என் வயிறு எரிந்தது. டின் கெட்டால் அப்பா மேட்டுக்குப் போவார். அப்பா போனால் விதை வரும். கணக்கு இவ்வளவுதான்.

மறுநாள் காலையில் இஞ்சின் ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. ஆறில் இருந்த டின் எட்டுக்கு இறங்கியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

"ஆறுலயே நிக்குதுப்பா. ஆடவே மாட்டேங்குது."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்ப்பா. அம்மா மேல சத்தியமா."

அவர் மேட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பினார், அவர் கண்ணுக்கு எங்கே தெரியப் போகிறது என்று நான் பயப்படவில்லை. பிறகு சுருட்டைக் காலில் போட்டு மிதித்துவிட்டு, இஞ்சினை நிறுத்தி, விறுவிறுவென்று ஆபீசுக்குப் போனார். மாத்தாக்கள் அன்று துரையோடு சிரம்பான் போய்விட்டார்கள். கேட்டில் இருந்தவர் ஒருவர்தான், அவர் இடத்தை விட்டு நகர முடியாது. நாளைக்குப் போகலாம் என்று கிராணி சொன்னதற்கு, டின் வேலை செய்யவில்லை, நாளைக்கு லயத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் நீங்கள்தான் துரைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அப்பா அடித்துப் பேசினாராம். நாற்காலியை விட்டு எழுந்து வந்து டின்னை ஒரு பார்வை பார்க்கிற ஜாதி இல்லை கிராணி. அப்பா தனியாகவே போனார். கேட்டைத் தாண்டும்போது அவர் நடையைப் பார்த்தேன், எங்கள் பழைய அப்பாவின் நடை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பத்து மணி வாக்கில், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது, வேலிக்கு வெளியே டமார் என்று ஒரு சத்தம். வாத்தியார் எங்களை எல்லாம் பெஞ்சுக்குக் கீழே படுக்கச் சொன்னார். ஒரே ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. லோரி டயர் வெடித்தது என்று சாயங்காலம் தெரிந்தது. ஆனால் பெஞ்சுக்கு அடியில் கிடந்த எனக்கு அது எப்படித் தெரியும்? லோரியும் சாக்கும்தான் கண்ணுக்குள் வந்தன. அம்மா மேல் செய்த பொய்ச் சத்தியம் வழி தவறி அப்பா மேல் போய் விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

பள்ளி விட்டதும் வேலியோரம் ஓடினேன். மேட்டில் யாரும் தெரியவில்லை. மத்தியானம் அம்மா வந்தாள். வழியிலேயே யாரோ சத்தத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். பால் வாளியைக் கீழே போட்டுவிட்டு வந்து என் தோளைப் பிடித்தாள்.

"அப்பா எங்கடி?"

"மேட்டுக்கு. டின்னு நின்னுபோச்சும்மா."

அவள் மேட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். டின் ஐந்தில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலுக்கு ஏறியது.

"நிக்கலையே," என்றாள் அம்மா, மெதுவாக. என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று பயந்தேன். அவள் திரும்பவில்லை. இரண்டு கைகளாலும் முள்கம்பியைப் பிடித்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, இஞ்சின் ஓடவில்லை, லயத்தில் யாரும் இவ்வளவு தண்ணீர் பிடிக்கவில்லை, மேலே யாரோ தொட்டிக்கு அடியில் இருக்கும் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்றாள்.

"அப்பாவாம்மா?"

டின் மூன்றுக்கு வந்தது. இரண்டுக்கு வந்தது. அவள் உதடு ஒவ்வோர் எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் டின் பூஜ்யத்துக்குப் போய் நின்றுவிட்டது. தொட்டி காலி. அதற்கு மேல் சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை. திறந்துவிட்டவர் யார், அவர் எப்படி இருக்கிறார், ஏன் இன்னும் இறங்கி வரவில்லை, எதுவும் அந்த டின்னுக்குத் தெரியாது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றாள். கேட்டில் இருந்த மாத்தாவிடம் போய், நான் போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டாள். அவர் பாவம், கையைக் கூப்பாத குறையாக மறுத்துவிட்டார். மறுபடி வந்து அதே இடத்தில் நின்றாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து, சாப்பிட்டுவிட்டு வந்து நில்லு என்று கையைப் பிடித்து இழுத்தாள். அம்மாவுக்குக் காது கேட்டதாகவே தெரியவில்லை.

எனக்குப் பசித்தது. நான் வீட்டுக்குப் போய்க் காலையில் ஆக்கி வைத்த சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன். பயந்தால் எனக்கு நன்றாகப் பசிக்கும், இன்று வரைக்கும் அப்படித்தான்.

மூன்று மணிக்கு அப்பா மேட்டிலிருந்து இறங்கி வந்தார். உடம்பெல்லாம் பாசியும் சேறும். கையில் ஒரு நீளக் கம்பு, அதன் நுனியில் உப்பி ஊறிப்போன ஒரு மூசாங் பூனை. லயமே மூக்கைப் பிடித்துக்கொண்டு கூடிவிட்டது. டின்னைக் கட்டுவதற்காக மாமா தகரத்தில் போட்ட ஓட்டை வழியாக அது உள்ளே விழுந்து செத்திருக்கிறது. அது ஊறிக் கிடந்த தண்ணீரைத்தான் நாங்கள் ஒரு வாரமாகக் குடித்திருக்கிறோம். அப்பா தொட்டியைக் காலி செய்து, உள்ளே இறங்கித் தனி ஆளாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்.

"டின்னு ஏழுன்னும், எட்டுன்னும் சொல்லும். உள்ள பொணம் கெடக்குன்னு சொல்லுமா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிராணிகூட வந்து தோளில் தட்டினார். அம்மா அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தாள். ஒரு காயமும் இல்லை என்று தெரிந்ததும் விடுவிடுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

அப்பா ஈரச் சட்டைப்பையில் கையை விட்டு எனக்கு இரண்டு கை நிறைய விதை கொடுத்தார். நாற்றம் தாங்கவில்லை. கழுவிப் போட்டேன். போத்தல் கழுத்து வரை நிரம்பியது.

மறுநாள் தலை பின்னிவிடும்போது அம்மா சொன்னாள்: "இனிமே டின்னு எங்க நிக்குதோ, அங்க நிக்குதுன்னுதான் சொல்லணும். வெளங்குச்சா?" பின்னலை ஓர் இழுப்பு இழுத்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லிவிடுவாளோ என்று ஒரு மாதம் திருதிருவென்று முழித்துக்கொண்டு திரிந்தேன். அவள் சொல்லவில்லை.

மாமா வந்து ஓட்டையைக் கம்பி வலை போட்டு அடைத்தார். துரை உத்தரவை மாற்றினார். டின்னும் இருக்கட்டும், வாரம் ஒரு நாள் இரண்டு மாத்தாவோடு அப்பாவும் போகட்டும். ஆக இரண்டு கட்சியும் ஜெயித்துவிட்டது என்று மாமா சொன்னார். அப்பாவுக்குப் பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர் நடப்பது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. அம்மா அந்த நாட்களில் மட்டும் தேத்தண்ணி போத்தலை மறந்து வைத்துவிட்டுப் போவாள். அதையும் நான் மறதி என்றே நினைத்தேன்.

மனுஷன் நிலாவில் இறங்கிய காலையில் நாங்கள் லோபாக்கில் இருந்தோம். எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது அங்கே குடிவந்துவிட்டோம். எனக்குக் கல்யாணமாகி, அப்போது வயிற்றில் மூத்தவன். மாமா சொந்தமாக வைத்திருந்த ரேடியோ கடையில் தெருவே கூடி நின்றது. அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "பாத்தியா மாப்ள, எத்தன உருண்டைய வுட்டானுங்க? கடைசில மனுசன்தான் போயி நின்னான்," என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே சொல்லிவிட்டால் திட்டு குறையும் என்று தோன்றியது. அன்றைக்கு டின் நிற்கவில்லை, விதைக்காகப் பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும்," என்றார் அப்பா. "எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு? நீ சொன்னதும் திரும்பிப் பாத்தேன். எட்டுல நின்னு ஆடிக்கிட்டு இருந்துச்சு." எதிர்ச் சாரியில் கடைசிக் கடையின் போர்டில் இருந்த சின்ன எழுத்தைக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்துக் காட்டினார். "போவணும்னு இருந்துச்சு. நீ வழி வுட்ட. போனேன்."

நான் எல்லாரையும் ஏமாற்றிவிட்டதாகப் பன்னிரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். ரேடியோவில் நிலாவிலிருந்து ஒரு குரல் கரகரவென்று வந்தது. எங்கள் பின்னால் நின்ற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் ரேடியோவைப் பார்த்துக் கேட்டாள்.

"அவனுங்க பொண்டாட்டிங்க இன்னைக்குச் சோறு தின்னிருப்பாளுங்களா?"

அப்பா காலை இறக்கிக் கீழே வைத்தார். அம்மாவும் அப்பாவும் அந்த வருஷமெல்லாம் வானத்தைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள் என்று நான் நம்பியிருந்தேன். அப்பா மேட்டில் தொட்டி கழுவிய அன்றைக்கு அம்மா சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது. சட்டியில் இருந்தது அவள் பங்கும்தான். நான்தான் இரண்டு தரம் போட்டுக்கொண்டேனே.